பல்லொலியும் பல்லெண்ணும்

‘பல்’ என்று சொல்லத் தொடங்கும்போது இதழ்கள் ஒட்டிப் பிரிகின்றன. சொல்லி முடிக்கும்போது நாவின் நுனி மேற்பல்லின் வேருக்கு அருகே போய் நிற்கிறது. சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே அதன் ஓசையும் முடிகிறது. இது தற்செயல்தான்; இதை வைத்துச் சொல்லின் பிறப்பைத் தேடப் புறப்பட வேண்டியதில்லை. ஆனால் பல்லுக்கும் பேச்சுக்கும் உள்ள நெருக்கம் தற்செயலானது இல்லை. ஒலியியலுக்குப் பல் என்பது ஓர் இடம். நா சென்று முட்டும் சுவர். பல்மருத்துவத்துக்கோ ஒவ்வொரு பல்லும் தனித்தனி ஆள்; ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டும். இரண்டு துறைகளுமே வாயை வரைபடமாக்க முயன்றவை. வரைபடத்தில் பெயர் எப்படி இடுவது என்பதில் இரண்டும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டவை.

தகரத்தை ஒலிக்கும்போது நாவின் முன்பகுதி அகன்று, மேல்முன்பற்களின் பின்புறத்தில் அப்பிக்கொள்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று அங்கே அடைபட்டு, நா விலகியதும் வெடித்து வெளியேறுகிறது. அதே இடத்தில் நா அடைத்துக்கொண்டிருக்க, காற்று மூக்கு வழியே போனால் நகரம். ‘பத்து’ என்பதில் தகரம் அழுத்தமாகவும் குரலதிர்வு இல்லாமலும் ஒலிக்கிறது. ‘பந்து’ என்பதில் குரலதிர்வோடு ஒலிக்கிறது. ‘அது’ என்பதில் நா பல்லை முழுதாக அடைப்பதே இல்லை, உரசிக்கொண்டு நழுவிவிடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. தமிழர் யாரும் இதைக் கற்றுக்கொள்வதில்லை, தவறவிடுவதும் இல்லை.

தகரத்துக்குப் பல் வேண்டும் என்று சொன்னாலும், பல்லே முளைக்காத குழந்தை ‘தாத்தா’ என்கிறது. பல்லெல்லாம் போன தாத்தாவும் அதே தகரத்தைக் கொண்டு ‘தங்கம்’ என்று பதில் தருகிறார். பல் இல்லாத இடத்தில் ஈறே சுவராகிறது. நாவுக்கு முட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் இந்த இயக்கங்களை வரிசையாகச் சொல்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற மூன்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற ஐந்தின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அதன் அடிப்படை. பல் இங்கே தனி உறுப்பாக எண்ணப்படுகிறது. தகர நகரங்களுக்கு அண்ணத்தை ஒட்டிய பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்த வேண்டும் என்கிறது அந்நூல். பரந்து என்பது கவனிக்கத்தக்கது. நுனி மட்டும் தொடுகிறதா, நாவின் அலகு விரிந்து படிகிறதா என்ற வேறுபாட்டை இன்றைய ஒலியியலும் தனியாகவே குறித்துக்கொள்கிறது. றகர னகரங்களுக்கு நாநுனி மேலெழுந்து அண்ணத்தைத் தொட வேண்டும். லகரத்துக்கு நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைத் தொட வேண்டும். ளகரத்துக்கு அண்ணத்தை வருட வேண்டும். வகரம் பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது. கருவி ஏதுமின்றி, தன் வாயைத் தானே கவனித்து எழுதிய குறிப்புகள் இவை.

பிறப்பியலின் வரிசையில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. நெடுங்கணக்கில் வல்லினம் க, ச, ட, த, ப என்று தொண்டையிலிருந்து இதழ் நோக்கி நடக்கிறது. அது ஒழுங்கான வரைபடம். றகரமும் னகரமும் மட்டும் அந்த நடையில் சேராமல் ய, ர, ல, வ, ழ, ள எல்லாம் தாண்டிக் கடைசியில் நிற்கின்றன. தமிழின் சிறப்பெழுத்துகளை இறுதியில் வைத்தார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. பிறப்பைச் சொல்லும்போதோ தொல்காப்பியர் இந்த இரண்டையும் தகர நகரங்களுக்கு அடுத்தே கொண்டுவந்து வைக்கிறார். பட்டியலில் கடைசி, வாயில் பக்கத்து வீடு. வரிசை எண்ணும் முகவரியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எழுத்துகளின் பழைய பெயர்களும் முகவரிகள்தாம். தமிழில் மூன்று ‘ன’க்கள் உண்டு. தகரத்தோடு இணைந்து வருவது தந்நகரம், றகரத்தோடு வருவது றன்னகரம், டகரத்தோடு வருவது டண்ணகரம். பந்து, பன்றி, பண்டம் என்று சொல்லிப் பார்த்தால் காரணம் நாவுக்கே தெரிந்துவிடும். மூக்கொலியை ஒலிக்கும்போதே நா அடுத்த வல்லினத்தின் இடத்துக்குப் போய்விடுகிறது. இன எழுத்து என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். இன்றைய வகுப்பறைகளில் ‘ரெண்டு சுழி ன’, ‘மூணு சுழி ண’ என்ற பெயர்களே புழங்குகின்றன. சுழியின் எண்ணிக்கை கைக்கு உதவும்; நாவுக்கு உதவாது. பழைய பெயர் எழுத்தை எங்கே ஒலிப்பது, எந்தச் சொல்லில் எதை எழுதுவது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அதை இழந்தது சிறிய இழப்பு இல்லை.

பல், பல்லடிக்குச் சற்று மேலே உள்ள ஈற்றுமேடு, அதற்கும் மேலே நா மடங்கித் தொடும் அண்ணம் என மூன்று இடங்களில் மூன்று தனி அடைப்பொலிகளை வைத்திருக்கும் மொழிகள் உலகில் குறைவு. தமிழ் அவற்றில் ஒன்று. பத்து, பற்று, பட்டு என்ற மூன்றும் மூன்று இடங்களில் பிறக்க வேண்டியவை. தமிழ்நாட்டுப் பேச்சில் நடு இடம் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. காற்று ‘காத்து’ ஆகிறது, வெற்றிலை ‘வெத்தல’ ஆகிறது, கற்றுக்கொள் ‘கத்துக்கோ’ ஆகிறது. ஈற்றுமேட்டில் நின்ற நா ஒரு படி முன்னே இறங்கிப் பல்லில் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடையில் நின்று திருத்தமாகப் பேச முயல்பவர் ‘வெற்றி’ என்பதில் ஒரு ரகரத்தை உரசவிட்டு ஒலிக்கிறார். யாழ்ப்பாணத் தமிழிலோ அந்த நடு அடைப்பு பழைய இடத்திலேயே, ரகர உரசல் இல்லாமல், இரட்டையாக ஒலிக்கிறது.

இந்த வேறுபாடு எழுத்துக்கூட்டலிலும் தெரியும். ஆங்கிலத்தின் ‘டி’ என்ற எழுத்து பல்லொலியும் அன்று, தமிழ் டகரமும் அன்று. அது ஈற்றுமேட்டில் பிறக்கிறது. தமிழ்நாட்டார் அதை டகரமாகக் கேட்டு ‘மீட்டர்’ என்றும் ‘டொரண்டோ’ என்றும் எழுதுகிறார்கள். ஈழத்தமிழர் தம் பேச்சில் உயிரோடு இருக்கும் றகர அடைப்பைக் கொண்டு ‘மீற்றர்’ என்றும் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இது விசித்திரமாகப் படலாம். ஒலியின் பிறப்பிடத்தை அளவுகோலாக வைத்தால் ஈழத்து எழுத்தே மூலத்துக்கு நெருக்கமானது.

மலையாளம் மூன்று இடங்களையும் இன்றுவரை கறாராகக் காத்துவருகிறது. குத்தியதற்கு ஒரு தகரம், மரக்கட்டையான குற்றிக்கு ஒரு றகரம், பிள்ளையான குட்டிக்கு ஒரு டகரம். மூக்கொலியிலும் அப்படியே. பன்றியைக் குறிக்கும் சொல்லில் நா பல்லைத் தொடுகிறது. கன்னியைக் குறிக்கும் சொல்லில் ஈற்றுமேட்டைத் தொடுகிறது. ஆனால் மலையாள எழுத்தில் இரண்டுக்கும் ஒரே குறிதான். தமிழில் இதற்கு நேர்மாறு. தந்நகரத்துக்கும் றன்னகரத்துக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. பேச்சில் பெரும்பாலோர் வேறுபடுத்துவதில்லை. ஒரு மொழி ஒலியைக் காத்து எழுத்தை விட்டது, மற்றது எழுத்தைக் காத்து ஒலியை விட்டது. நீலகிரியின் தோடர் மொழியிலும் மூன்று அடைப்புகளும் உண்டு.

பிற மொழிகளில் பல்லொலிகள் வேறு சில வடிவங்களை எடுக்கின்றன. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றில் நம் தகரத்தைப் போன்ற பல்லடைப்பே வழக்கம். அதனால்தான் பாரிஸ்காரர் பேசும் ஆங்கிலத்தில் ‘டி’ தமிழ்க் காதுக்குத் தகரமாகக் கேட்கிறது. ஆங்கிலேயர் ‘தேங்க்ஸ்’ என்று சொல்லும்போது அடைப்பே இல்லை. நாநுனி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே எட்டிப்பார்க்க, காற்று உரசிக்கொண்டு போகிறது. நாம் அந்த இடத்தில் முழுத் தகரத்தைப் போட்டுவிடுகிறோம். ‘டென்’ என்ற சொல்லில் ஈற்றுமேட்டில் பிறக்கும் மூக்கொலி, ‘டென்த்’ என்று நீளும்போது பல்லுக்கு நகர்ந்துவிடுகிறது. தந்நகரம் என்ற பெயர் சொல்லும் விதி ஆங்கிலேயர் வாயிலும் அவர்கள் அறியாமலே நடக்கிறது.

உலக ஒலியெழுத்து முறையில் ஓர் ஒலி பல்லில் பிறக்கிறது என்று காட்ட எழுத்தின் அடியில் சிறிய குறி ஒன்றை இடுவார்கள். அதற்குப் பாலம் என்று பெயர். கவிழ்த்து வைத்த பகரம் போல இருக்கும். பேச்சுக் குறைபாடுகளைப் பதிவதற்காக விரிவாக்கப்பட்ட முறையில் அந்தப் பாலத்தை எழுத்துக்கு மேலும் கீழும் இட்டால், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து உண்டாக்கும் ஒலி என்று பொருள். அப்படி ஒன்று குறைபாடாக இல்லாமல் இயல்பான மெய்யொலியாகவே ஒரு பேச்சில் உண்டு. கருங்கடற்கரையில் பேசப்படும் அடிகே மொழியின் ஷாப்சுக் கிளைவழக்கில், பற்களைக் கடித்துக்கொண்டு அவற்றினிடையே காற்றைச் செலுத்தும் உரசொலி பதிவாகியிருக்கிறது. அங்கே நாவுக்கு வேலையே இல்லை.

தமிழர் இரக்கத்துக்கோ சலிப்புக்கோ உச்சுக்கொட்டும்போது நாநுனியைப் பல்லடியில் ஒட்டி, உள்ளே காற்றை உறிஞ்சிச் சட்டென்று விடுவிக்கிறார்கள். அதுவும் பல்லொலிதான். தமிழில் அது எழுத்தாகவில்லை, உணர்ச்சிக் குறிப்பாகவே நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மொழிகளில் அது முறையான மெய்யெழுத்து. ஆங்கில வரிவடிவத்தின் ‘சி’யால் எழுதப்படுகிறது. 1879ல் பிரிட்டிஷ் படையை எதிர்த்த ஜூலு மன்னரின் பெயர் இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. தமிழில் அவரைச் ‘செட்ஷ்வாயோ’ என்று எழுதுவது எழுத்தைப் பார்த்து எழுதுவது. உச்சுக்கொட்டித் தொடங்கினால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார்.

நா வாய்க்குள் எங்கே தொடுகிறது என்பதை ஊகத்திலிருந்து மீட்டுக் கண்ணுக்குக் காட்டியவர்களில் முன்னோடிகள் பல்மருத்துவர்கள். 1870களின் தொடக்கத்தில் லண்டன் பல்மருத்துவர் ஓக்லி கோல்ஸ், பசையும் மாவும் கலந்த குழம்பைத் தம் அண்ணத்திலும் பற்களிலும் பூசிக்கொண்டு ஒவ்வோர் ஒலியாகச் சொல்லிப் பார்த்தார். நா பட்ட இடத்தில் பூச்சு அழிந்தது. அழிந்த இடத்தை அப்படியே வரைந்துகொண்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கப் பல்மருத்துவர் நார்மன் கிங்ஸ்லி, ரப்பரைப் பதப்படுத்திச் செய்த கருநிறச் செயற்கை அண்ணத்தில் சுண்ணப்பொடி தூவி அதை வாயில் பொருத்திக்கொண்டு சோதித்தார். அவர் அன்னப்பிளவு நோயாளிகளுக்குக் கருவி செய்தவர். பேச்சு சரியாக வர நா எங்கே முட்ட வேண்டும் என்பது அவருக்குத் தொழில் கேள்வி. பின்னர் பிரான்சில் ரூசெலோ இதை ஆய்வக முறையாக வளர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உருவான மின்னண்ணக் கருவியில், பேசுபவரின் வாய் அச்சுக்கு ஏற்பச் செய்த மெல்லிய தகட்டில் 62 மின்முனைகள் எட்டு வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். பல்லுக்கு அடுத்த முதல் வரிசையில் 6, மற்ற ஏழு வரிசைகளில் 8 வீதம். அந்தத் தகடும் பல்செட் செய்வது போலவே அச்செடுத்துச் செய்யப்படுவது.

இனிப் பல்லின் பக்கம். வளர்ந்தவர் வாயில் முழுமையாக முளைத்தால் 32 பற்கள், பால்பற்கள் 20. முன்னே வெட்டுப்பல், அதன் ஓரத்தில் கோரைப்பல், அதற்குப் பின் கடைவாய்ப்பற்கள், கடைசியில் ஞானப்பல். வீட்டுப் பேச்சுக்கு இந்தப் பெயர்கள் தாராளமாகப் போதும். மருத்துவருக்குப் போதாது. ‘மேலே, இடது பக்கம், கடைவாயில் இரண்டாவது’ என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதோடு இடது என்பது யாருடைய இடது என்ற கேள்வி வேறு. பல் அட்டவணை எதிரே நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ப வரையப்படுவதால், நோயாளியின் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் வரும். வலதும் இடதும் எப்போதும் நோயாளியுடையவை என்பது எல்லா முறைகளுக்கும் பொது விதி.

முதல் நல்ல தீர்வு வியன்னாவில் பிறந்தது. 1861ல் அடால்ஃப் சிக்மாண்டி என்ற பல்மருத்துவர் தாளில் ஒரு சிலுவைக்கோடு வரைந்தார். நெடுக்கோடு முகத்தின் நடுக்கோடு. குறுக்கோடு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பிரிப்பது. வாய் நான்கு கால்பகுதிகளாகிவிட்டது. ஒவ்வொரு பகுதியிலும் நடுக்கோட்டிலிருந்து தொடங்கி 1 முதல் 8 வரை எண்ணினால் போதும்: நடு வெட்டுப்பல் 1, கோரைப்பல் 3, முதல் பெரிய கடைவாய்ப்பல் 6, ஞானப்பல் 8. பால்பற்களுக்கு உரோம எண்கள். 1870ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கோரிடன் பாமர் ஏறத்தாழ இதே முறையை முன்வைத்தார். பாமர் முறை என்று இன்று வழங்குவதில் பால்பற்களுக்கு எண்ணை விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகள் வருகின்றன: நடு வெட்டுப்பல் ஏ, அடுத்தது பி, கடைசிப் பால்கடைவாய்ப்பல் ஈ. நிலைப்பல்லுக்கு எண், பால்பல்லுக்கு எழுத்து என்ற இந்தப் பிரிவு மிகவும் வசதியானது. பார்த்த மாத்திரத்தில் குழந்தைப் பல்லா, நிலைத்த பல்லா என்று தெரிந்துவிடும்.

இந்த முறை கண்ணுக்கு எளிது. எண்ணைச் சுற்றியுள்ள மூலைக்கோடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பார்த்து இடம் புரிந்துகொள்ளலாம். பல்சீரமைப்பு மருத்துவர்கள் இதை எளிதில் விடாததற்குக் காரணம் அதுவே. ஆனால் தட்டச்சுப் பொறியில் அந்த மூலைக்கோடு கிடையாது. தொலைபேசியிலும் அதைச் சொல்ல முடியாது. யூனிக்கோடு பின்னாளில் பல்மருத்துவத்துக்கென்றே 15 கோட்டுக்குறிகளைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் உலகம் வேறு வழிகளைத் தேடிப் போய்விட்டிருந்தது.

டென்மார்க்கின் விக்டர் ஹாடெருப் மேல்தாடைக்குக் கூட்டல் குறி, கீழ்த்தாடைக்குக் கழித்தல் குறி என்று வைத்தார். குறி எண்ணுக்கு எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே நடுக்கோடு. கச்சிதமான முறை, ஒரு குறி இடம் மாறிவிட்டால் பல்லும் மாறிவிடும்.

அமெரிக்கா வரிசை எண்ணைத் தேர்ந்தது. 1882ல் ஜெர்மானியர் யூலியஸ் பாரைட் முன்வைத்த இந்த முறையை அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம் 1968ல் ஏற்றுக்கொண்டது. மேல் வலப்புற ஞானப்பல் 1. அங்கிருந்து மேல்வரிசையைச் சுற்றி இடப்புற ஞானப்பல் 16. அதற்கு நேர்கீழே இறங்கி 17. கீழ்வரிசையைத் திரும்பச் சுற்றி வலப்புற ஞானப்பல் 32. பால்பற்களுக்கு ஏ முதல் டி வரை 20 ஆங்கில எழுத்துகள், அதே சுற்றுப்பாதையில். மிகுதியாக முளைத்த பல் இருந்தால் பக்கத்துப் பல்லின் எண்ணோடு 50ஐக் கூட்டிச் சொல்வார்கள். ‘உலகளாவிய முறை’ என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் அமெரிக்காவுக்குள்தான் புழங்குகிறது. ஒரு பல்லுக்கு ஓர் எண் என்பதால் குழப்பமில்லை என்பது இதன் பெருமை. 19ஆம் எண் எந்தப் பல் என்பது மனப்பாடம் செய்தவருக்கு மட்டும் தெரியும் என்பது இதன் குறை. நெடுங்கணக்கில் றகரம் பதினேழாவது மெய் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. தகவல் சரிதான், நாவை எங்கே வைப்பது என்று அது சொல்லாது.

இன்னொரு வழி பெர்லினில் யோவாக்கிம் ஃபியோல் வகுத்தது. 1970ல் புக்கரெஸ்டில் கூடிய உலகப் பல்மருத்துவக் கூட்டமைப்பு அதை ஏற்றது. கூட்டமைப்பின் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கத்தால் எஃப்.டி.ஐ. முறை என்று அது வழங்குகிறது. சிக்மாண்டியின் சிலுவையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் எண்ணை வைத்ததுதான் இதன் நுட்பம். முதல் இலக்கம் கால்பகுதி: மேல்வலம் 1, மேலிடம் 2, கீழிடம் 3, கீழ்வலம் 4. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எண்ணிய இடம். பால்பற்களுக்குக் கால்பகுதி எண் 5 முதல் 8 வரை. 36 என்றால் கீழிடப் பகுதியில் ஆறாவது பல். வாய்விட்டுச் சொல்லும்போது ‘முப்பத்தாறு’ என்று சொல்லக்கூடாது. ‘மூன்று, ஆறு’ என்றே சொல்ல வேண்டும். இலக்கங்கள் இரண்டும் தனித்தனிச் செய்தி. இது எண்ணே அன்று, எண் வேடம் போட்ட முகவரி. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் உறவும் இதில் தானாகவே வெளிப்படுகிறது: 54 விழுந்த இடத்தில் 14 வரும், 85 விழுந்த இடத்தில் 45 வரும். இரண்டாம் இலக்கம் மாறுவதில்லை.

அமெரிக்க முறையும் எஃப்.டி.ஐ. முறையும் இரண்டிலக்க எண்களைப் பயன்படுத்துவதால் ஆபத்தும் அங்கேதான். பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும் முன் இடம் உண்டாக்குவதற்காகச் சிலருக்கு முன்கடைவாய்ப்பற்களை எடுப்பதுண்டு. ‘24ஐ எடுக்கவும்’ என்று ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்.டி.ஐ. முறையில் அது மேலிடப் பகுதியின் முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அது கீழ்வரிசை இடப்புற நடு வெட்டுப்பல். எடுத்த பல்லைத் திரும்ப நட்டு ஒன்றும் நடக்காதது போலப் போய்விட முடியாது. எழுத்துகளிலும் இதே சிக்கல். பாமரின் ஏ முன்னால் நிற்கும் வெட்டுப்பல். அமெரிக்கரின் ஏ மேல்வலப் பகுதியின் கடைசிக் கடைவாய்ப்பல். ஆகவே நாடு விட்டு நாடு போகும் பரிந்துரைக் கடிதத்தில் எண்ணோடு பல்லின் பெயரையும் சொல்லால் எழுதிவிடுவதே நல்ல வழக்கம். இரண்டு சொல் கூடுதலாக எழுதுவதால் யாருக்கும் கை வலிக்காது.

பேரிடர்களில் இறந்தவர்களை அடையாளம் காணும்போது இந்த முகவரிகளின் மதிப்பு வேறு வகையில் தெரியும். பல்லின் எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். தீயையும் நீரையும் தாங்கும். 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் பல நாட்டவரின் உடல்களை அடையாளம் கண்டதில் பல் பதிவுகள் பெரும்பங்கு வகித்தன. ஒவ்வொரு நாட்டின் மருத்துவப் பதிவும் ஒவ்வொரு முறையில் இருக்க, அனைத்தையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட முடியும். இன்டர்போல் படிவங்கள் எஃப்.டி.ஐ. முறையைப் பயன்படுத்துகின்றன.

விலங்குகளின் வாய்க்கு மனிதக் கணக்கு பொருந்தாது. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் அடிப்படைக் கணக்கு 44 பற்கள், ஒரு கால்பகுதிக்கு 11. பன்றிக்கு இன்றும் அந்த 44 முழுதாக உண்டு. நாய்க்கு 42, பூனைக்கு 30. 1972ல் ட்ரியாடன் அறிமுகப்படுத்தி, 1991ல் ஃபிளாய்ட் திருத்திய கால்நடை மருத்துவ முறையில் பல்லுக்கு மூன்று இலக்கங்கள். முதலில் கால்பகுதி, பின்னர் 01 முதல் 11 வரை இடம். எந்த விலங்கானாலும் கோரைப்பல் 04, முதல் பின்கடைவாய்ப்பல் 09. இடையில் ஒரு பல் இல்லாத விலங்குக்கு அந்த எண்ணைக் காலியாக விட்டுவிடுவார்கள். அடுத்த பல்லை முன்னே நகர்த்தி எண்ண மாட்டார்கள். குடியிருப்பவர் இல்லாவிட்டாலும் கதவிலக்கம் அப்படியே இருக்கும் தெருவைப் போல.

புதைபடிவ ஆய்வாளர்களும் இந்த நியாயத்தையே மனிதனுக்குப் பொருத்துகிறார்கள். அவர்கள் பல்வகைக்கு ஓர் எழுத்து, அதன் பின் ஓர் எண் என்று குறிப்பவர்கள். மனிதரின் முன்கடைவாய்ப்பற்கள் ஒரு பகுதிக்கு இரண்டு. பல்மருத்துவர் அவற்றை 4, 5 என்கிறார். ஒன்றாவது, இரண்டாவது முன்கடைவாய்ப்பல் என்றும் சொல்வார். ஆய்வாளர் அவற்றையே மூன்றாவது, நான்காவது என்கிறார். மூதாதைகளின் வாயில் இருந்த முதல் இரண்டும் பரிணாமத்தில் மறைந்துவிட்டன என்பது அவர் கணக்கு. யானையின் கடைவாய்ப்பற்களோ ஒரு பகுதிக்கு ஆறு. எல்லாம் ஒரே நேரத்தில் நிற்காமல் பின்னிருந்து முன்னாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வருபவை. இடத்தை வைத்துப் பெயரிட்டால் யானை ஏமாற்றிவிடும். ஆகவே அங்கே மட்டும் 1 முதல் 6 வரை வரும் முறைப்படி எண்ணுவதே சரி.

பல்லும் ஒலியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மனித வரலாற்றின் நீளம் கொண்டது. மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களைச் சற்று மூடி நிற்கும் அமைப்பு குழந்தைகளுக்கு இயல்பு. கடின உணவை மென்று தேய்ந்த பழங்கால வாய்களில் வளர வளர அது மாறி, முனையோடு முனை முட்டும் கடியாகிவிட்டது. உழவும் சமையலும் உணவை மென்மையாக்கிய பிறகு மூடுகடி முதுமைவரை நீடித்தது. கீழிதழ் மேற்பல்லை எளிதில் தொடும் வாயில்தான் பல்லிதழ் ஒலிகள் எளிதில் பிறக்கும் என்று 1985ல் சார்லஸ் ஹாக்கெட் கருதினார். 2019ல் ‘சயன்ஸ்’ இதழில் டாமியான் பிளாசியும் அவர் குழுவினரும் அதை மீண்டும் எடுத்தார்கள். கணினி மாதிரியில் மூடுகடி அமைப்பு இவ்வொலிகளுக்கு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்த முயற்சியையே கேட்டது. வேட்டையாடி வாழும் சமூகங்களின் மொழிகளில் இவ்வொலிகள் குறைவு என்பதும் அவர்கள் காட்டிய சான்று. இதை எல்லா மொழியியலாளரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தொல்காப்பியர் வகரத்தைப் பல்லும் இதழும் இயைந்து பிறப்பதாகக் குறித்தபோது, அது சோறுண்ணும் வாய் என்பது மட்டும் உறுதி.

மற்றொன்று பல்செட் கட்டும் அறையில் அன்றாடம் நடப்பது. பற்கள் அனைத்தையும் இழந்தவருக்குச் செயற்கைப் பற்களை எந்த உயரத்தில், எவ்வளவு முன்னே அடுக்குவது என்பதற்குப் பழைய அளவு எதுவும் மிஞ்சியிருக்காது. பேச்சே அளவுகோலாகிறது. மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்து நோயாளியைப் பேசச் சொல்வார்கள். ஃபகரமும் வகரமும் சொல்லும்போது மேல்முன்பற்களின் முனை, கீழிதழில் ஈரப்பகுதியும் உலர்பகுதியும் சந்திக்கும் கோட்டைத் தொட வேண்டும். பல் நீண்டுவிட்டால் ஃபகரம் வகரமாகும். குட்டையானால் வகரம் ஃபகரமாகும். ஸகரம் சொல்லும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் மிக நெருங்கி, ஆனால் முட்டாமல் நிற்க வேண்டும். 1950களில் மேயர் சில்வர்மேன் இந்த நெருக்கத்தையே தாடை உயரத்தை அளக்கும் முறையாக்கினார். உயரம் மிகுந்துவிட்டால் பேசும்போது இரண்டு வரிசையும் டக்டக்கென்று தட்டிக்கொள்ளும்.

பாடநூல்கள் இதற்கு ‘ஃபிஃப்டி ஃபைவ்’, ‘சிக்ஸ்டி சிக்ஸ்’ என்று எண்ணச் சொல்கின்றன. ஆங்கிலம் புழங்காத தமிழ் நோயாளியிடம் ஐம்பத்தைந்தையும் அறுபத்தாறையும் எண்ணச் சொன்னால் தகரமும் பகரமும்தான் கிடைக்கும். தேவையான ஒலிகளில் ஒன்றுகூட வராது. ஆங்கிலத் ‘தேங்க்ஸ்’ சொல்லும்போது பற்களுக்கிடையே நாநுனி எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனையும் இங்கே செல்லாது. தமிழ்த் தகரத்தில் நா பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஃபகரத்துக்கும் வகரத்துக்கும் வேறுபாடு காட்டாத காதுக்கு முதல் சோதனையின் பாதி வீண். மீசை, ஓசை, விசை போன்ற சொற்களே இங்கே உதவும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தனிச் சகரம் ஸகரமாகவே ஒலிக்கும். ‘விசை’யில் கீழிதழ் பல்லை நாடும், அடுத்த அசையில் பல்வரிசைகள் நெருங்கும். ‘மீசை’யில் மகரத்துக்காக இதழ்கள் மூடும்போது தாடை ஓய்வுநிலைக்கு வரும். பல்செட்டின் முன்னிரண்டு பற்களான 11ம் 21ம் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்பதை அந்த இரண்டு சொற்களிலேயே மருத்துவர் கேட்டுவிடலாம்.